வாசலில் பேசக் கூடாது

எங்கள் பல்கலைக்கழகத்தில் வணிக முகாமைத்துவம் படிக்கிறவர்களை மூன்றாம் ஆண்டில் வகுப்பறையில் வைத்திருப்பதில்லை. ஏதாவது ஒரு நிறுவனத்தில் கொண்டுபோய் இருத்திவிடுவார்கள். ஓராண்டு அங்கே இருந்து, விரிவுரையாளர் ஒருவரின் மேற்பார்வையில், அந்த வியாபாரத்தைப் பற்றி ஓர் ஆய்வு செய்து கொடுக்க வேண்டும். ஆய்வு தேறினால் இறுதியாண்டு. தேறாவிட்டால் அடுத்த தொகுதிப் பிள்ளைகளோடு மறுபடி முதலிலிருந்து. யாருக்கு எந்த நிறுவனம் என்பதைக் கணினி தீர்மானிக்கிறது. கணினிக்குப் பதுளை பஜார் வீதியைப் பற்றி ஒன்றும் தெரியாது. தெரிந்திருந்தால் என்னைக் கதிர்காமநாதன் முதலாளியின் துணிக்கடைக்கு அனுப்பியிருக்காது. அந்தக் கடைக்கு நேர் எதிரே இருக்கும் துணிக்கடை என் அப்பாவுடையது.

இரண்டு கடைக்கும் முப்பது வருடப் போட்டி. போட்டி என்றால் அடிதடி இல்லை. கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் போய்வருவார்கள். கோயில் திருவிழா உபயத்துக்கு மற்றவர் என்ன தருகிறார் என்று தெரியாமல் இவர் வாய் திறக்கமாட்டார், இவர் சொல்லாமல் அவர் திறக்கமாட்டார். தர்மகர்த்தா இரண்டு கடைக்கும் நடுவே தெருவைக் கடந்து கடந்து செருப்புத் தேய்வார்.

செய்தி கேட்டு அப்பா கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு, போய் வா, கண்ணை மட்டும் நன்றாகத் திறந்து வைத்துக்கொள் என்றார். எதிர்க்கடைக்குப் போய் வணக்கம் சொன்னபோது கதிர்காமநாதன் முதலாளியும் கொஞ்ச நேரம் யோசித்தார். வாங்க தம்பி, வாயை மட்டும் நன்றாக மூடி வைத்துக்கொள்ளுங்கள் என்றார். இருவரும் கேட்டதில் எனக்கு அதிகச் சிரமமில்லை என்றுதான் அன்றைக்கு நினைத்தேன்.

என்னோடு சேர்ந்து அதே கடைக்கு அனுப்பப்பட்டவள் விதுர்ஷா. பூனாகலைத் தேயிலைத் தோட்டத்துப் பெண். அவளுடைய அம்மா இன்னும் கொழுந்து எடுக்கிறவர். விதுர்ஷா கடிகாரத்தைப் பார்த்து நேரம் எழுதும்போது "பத்தரை மணி" என்று எழுதமாட்டாள். பத்து முப்பத்தொன்று என்றுதான் எழுதுவாள். என் பகிடிக்கு அந்த இடத்தில் சிரிக்கமாட்டாள். மறுநாள் பஸ்ஸில் போகும்போது சிரிப்பாள். அறிக்கை எங்கள் இருவருக்கும் பொது. ஒருவர் பகுதி விழுந்தால் மற்றவருடையதும் விழும்.

மேற்பார்வையாளர் கலாநிதி நளீரா. வெலிமடைக்காரர். மெல்லப் பேசுவார், அதனாலேயே அவர் பேசும்போது மின்விசிறியைக்கூட நிறுத்தத் தோன்றும்.

ஆய்வுக்குத் தலைப்புத் தேடி நாங்கள் அலையவில்லை. கடையிலேயே ஒரு நோய் இருந்தது. ஏப்ரல் மாதத்துக்குப் பிறகு, உள்ளே வந்து துணியை விரித்துப் பார்த்துவிட்டு வாங்காமல் போகிறவர்கள் கூடிக்கொண்டே போனார்கள். முதலாளியின் மகன் கிரிஷாந்தன் கொழும்பில் இருந்துகொண்டு, தொலைபேசியிலேயே கடையை நவீனமாக்கிக்கொண்டிருந்தார். வெளிச்சம் போதாது என்று விளக்குப் போட்டார். பிறகு கண்ணாடி போட்டார். போகிறவர்கள் அந்த வெளிச்சத்தில், அந்தக் கண்ணாடியில் தலையைச் சரிசெய்துகொண்டு போனார்கள். ஆகவே எங்கள் கேள்வி: வாடிக்கையாளர் ஏன் வாங்காமல் வெளியேறுகிறார்?

நளீரா மிஸ் முறையை வகுத்துக் கொடுத்தார். வாசலுக்கு உட்பக்கம் ஒரு ஸ்டூல். அதில் ஒருவர் இருந்து வருகிறவர், போகிறவர் எல்லாரையும் படிவத்தில் குறிக்க வேண்டும். வாங்காதவர் கடைசிப் படியில் இருந்து இரண்டு காலையும் நடைபாதையில் வைத்து, பத்து நிமிடத்துக்குள் திரும்பி வராவிட்டால் அது ஒரு "வெளியேற்றம்". பின்னால் பேட்டி காண்பதற்காக, விரும்பிக் கொடுப்பவர்களிடம் காசாளர் பெயர், ஊர், தொலைபேசி எண் வாங்கி வைப்பார். கவனிப்பவர் யாரோடும் பேசக் கூடாது, ஆலோசனை சொல்லக் கூடாது, துணியைத் தொடக் கூடாது. ஒரு நாள் விதுர்ஷா இருந்தால் மறுநாள் நான். வாரத்துக்கு வாரம் நாள்களை மாற்றிக்கொள்ள வேண்டும். கடையில் இல்லாத நாளில் பல்கலைக்கழகத்தில் இருந்து எண்களைக் கணினியில் ஏற்ற வேண்டும். அதனால் அவள் ஸ்டூலில் இருந்ததை நான் பார்த்ததில்லை, நான் இருந்ததை அவள் பார்த்ததில்லை.

பன்னிரண்டு வாரம் அப்படி ஓடியது. செப்டெம்பர் தொடக்கத்தில் நளீரா மிஸ் எங்களை அறைக்கு அழைத்தார். மேசையில் ஒரே ஒரு தாள்.

"விதுர்ஷா இருந்த நாள்கள்ல நூத்துக்கு நாப்பத்தொரு பேர் வாங்காமப் போயிருக்காங்க. தினுஷன் இருந்த நாள்கள்ல இருபத்திமூணு பேர். ஒரே கடை, ஒரே வாசல். நீங்க உண்மையில அந்த ஸ்டூல்ல இருந்தீங்களா?"

இருந்தேன் என்றேன். யாரோடாவது பேசினீர்களா என்று கேட்டார். இல்லை என்றேன். அது பொய் இல்லை. மாரியம்மன் சந்நிதியில் நிறுத்திக் கேட்டிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். அவர் தாளை மடித்தார். தேநீர்க்கடையில் இருந்துகொண்டு எண்களைக் கற்பனையில் நிரப்பிய மாணவர்களை அவர் இதற்கு முன்னும் பார்த்திருக்கிறாராம். அப்படி நிரப்பும்போது மனுஷனுக்கு எப்போதும் நல்ல செய்தியை எழுதத்தான் கை வருமாம். புனைந்த தரவு என்று நிச்சயமானால் கோப்பு ஒழுக்காற்றுக் குழுவுக்குப் போகும், ஆண்டு போகும், இருவருக்கும் போகும். அதற்கு முன் ஒரு சோதனை செய்யப்போவதாகச் சொன்னார். என் படிவங்களில் இருந்து மூன்று பேரை அவரே பொறுக்கி எடுப்பார். அடுத்த ஞாயிறு அவரே காரில் வந்து அவர்களைத் தேடிப் பார்ப்பார். அப்படி ஆள்கள் இருக்கிறார்களா என்று தெரிய வேண்டும்.

படியிறங்கினோம். கீழே வந்ததும் விதுர்ஷா என் முகத்தைப் பார்த்து, நிஜமாகச் சொல், நீயாக எழுதினாயா என்று கேட்டாள். இல்லை என்று என் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்தேன்.

"நீ பொய் சொல்ற ஆளுதான்," என்றாள். "ஆனா இவ்வளவு மோசமா சொல்ல மாட்டே. நீ பொய்யா எழுதியிருந்தா என் நம்பரப் பாத்துட்டு அதுக்குப் பக்கத்துலதான் எழுதியிருப்பே."

அந்த நேரத்தில் அதைவிடப் பெரிய நற்சான்றிதழ் எனக்கு வேறு யாரும் தந்திருக்க முடியாது.

ஞாயிற்றுக்கிழமை பசறை வழியாக லுணுகலைப் பக்கம் போனோம். மழை விட்டிருந்தது. நளீரா மிஸ் பொறுக்கிய முதல் ஆள் என் படிவத்தில் இப்படி இருந்தார்: ஜூலை 19, காலை 11.20, பெண், ஐம்பதுக்கு மேல், கம்பளி, வாங்கினார். பெயர் வேலாயி. காரைத் தோட்டப் பாதையில் நிறுத்திவிட்டு வழுக்கும் கல்படிகளில் ஏறி, தொழிலாளர் வரிசை வீடுகள் இருக்கும் லயத்துக்குப் போனோம். ஒன்பதாவது காம்பராவின் முன்னால் ஒரு கொடியில் அந்தக் கம்பளியே காய்ந்துகொண்டிருந்தது. பச்சைக் கரை போட்ட கம்பளி. அதைப் பார்த்ததும் என் நெஞ்சு நிமிர்ந்தது. கம்பளி இருந்தால் ஆளும் இருப்பார்.

வேலாயி அக்கா கதவருகில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்தார். மிஸ் இன்னும் தன்னைச் சொல்லி முடிக்கவில்லை. அதற்குள் வேலாயி அக்காவின் கண் என் மேல் நின்றுவிட்டது.

"அட, இந்தத் தம்பிதானே," என்றார். "வாங்க வாங்க. இவருதாங்க அன்னைக்கு என்னயத் திருப்பிக் கூப்பிட்டது."

முதல் பாதி என்னைக் காப்பாற்றியது. இரண்டாம் பாதியில் நளீரா மிஸ் பேனாவின் மூடியைத் திறந்தார்.

நான் கூப்பிடவில்லை என்றேன். வேலாயி அக்கா என்னைப் பாவம் பார்ப்பதுபோல் பார்த்தார். பிறகு மிஸ்ஸிடம் நடந்ததைச் சொன்னார். கம்பளிக்கு இரண்டாயிரத்து அறுநூறு சொன்னார்களாம். இவர் இரண்டாயிரத்து நானூறு கேட்டாராம். உள்ளே நின்ற பையன் அசையவில்லையாம். சரி, போய்விடுவோம் என்று படியிறங்கிக் குடையை விரித்தாராம். அப்போது ஸ்டூலில் இருந்த தம்பி, போயிட்டு வாங்கம்மா, உங்க பஸ்ஸுக்கு இன்னும் இருபது நிமிசம் இருக்கே என்றாராம். உடனே திரும்பி உள்ளே போய் இரண்டாயிரத்து ஐந்நூறுக்கு முடித்தாராம்.

எனக்கு ஞாபகம் வந்தது. அது மட்டுமா? எல்லாமே ஞாபகம் வந்தன. "மழை வருதே அக்கா", "பிள்ளைக்குத் தண்ணி வேணுமா", "பசறை பஸ் இப்பத்தான் போகுது". பன்னிரண்டு வாரமாக அந்த ஸ்டூலில் இருந்துகொண்டு நான் சொன்ன வார்த்தைகள். துணிக்கடைக்காரன் வீட்டில் பிறந்தவனுக்கு அது பேச்சு இல்லை. படியில் ஒருவர் முதுகு தெரிந்தால் வாய் தானாகத் திறக்கும். தும்மல் வருகிற மாதிரி. நான் விலை சொல்லவில்லை, துணியைத் தொடவில்லை, ஆலோசனை சொல்லவில்லை. ஆகவே பேசவில்லை என்றே மனப்பூர்வமாக நம்பியிருந்தேன். அதுவும் எதிரியின் கடைக்கு. மூன்று மாதமாகச் சம்பளம் வாங்காமல் என் அப்பாவின் எதிரிக்கு வியாபாரம் பிடித்துக் கொடுத்திருக்கிறேன்.

நளீரா மிஸ் என்னைத் திட்டவில்லை. வேலாயி அக்காவிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். கம்பளி வேண்டும், நூறு ரூபாய் கூடக் கொடுக்கவும் மனம் இருக்கிறது. அப்படியானால் அவராகவே திரும்பி வந்திருக்கலாமே, ஏன் வரவில்லை?

"எப்புடிங்க வர்றது?" என்றார் வேலாயி அக்கா. "போறேன்னு சொல்லிட்டு எறங்கியாச்சு. யாராச்சும் கூப்பிட்டா, சரி இவ்வளவு தூரம் கூப்பிடுறாங்களேன்னு வரலாம். கூப்பிடாமப் போனா? எனக்கும் ஒரு மானம் இருக்குல்ல. முன்னயெல்லாம் அங்க ஒரு நானா நிப்பாரு, கூப்பிடுவாரு. இப்ப அந்தக் கடயில யாரும் கூப்பிடுறதில்ல. அதனால நாங்களும் எதிர்க்கடக்கிப் போயிர்றோம்."

எதிர்க்கடை எங்களுடையது என்று அந்த இடத்தில் சொல்வது பொருத்தமாக இருக்காது என்று விட்டுவிட்டேன். விதுர்ஷா மட்டும் தொண்டையைச் செருமினாள்.

மற்ற இரண்டு பேரையும் பார்த்தோம். இருவரும் இருந்தார்கள். இருவரும் என்னை அடையாளம் காட்டினார்கள். அதில் ஒருவர், துணி ஒரு கழுவலுக்கே சாயம் போய்விட்டது, மாற்றித் தருவீர்களா என்று என்னிடம் சண்டைக்கே வந்துவிட்டார்.

திரும்பி வரும் வழியில் பசறையில் தேநீர் குடித்தோம். மிஸ் கணக்கைத் தெளிவாக வைத்தார். நான் எண்களைப் புனையவில்லை, அது நிரூபணம். ஆனால் நான் இருந்த நாள்கள் முழுவதும் கெட்ட தரவு. அதைத் தூக்கி எறிந்தால் மிச்சம் பாதி. பாதியை வைத்து ஆய்வு தேறாது. ஆண்டு போவது போவதுதான், அவமானம் மட்டும் இல்லை.

விதுர்ஷா கோப்பையைக் கீழே வைத்தாள். தூக்கி எறிவதற்கு முன் ஒரு விஷயம் என்றாள். கூப்பிட ஆள் இருந்த நாள்கள் பாதி, இல்லாத நாள்கள் பாதி. நாம் தேடின விடையே இதற்குள் இருக்கிறதே. மிஸ் தலையசைத்தார். இருக்கலாம், ஆனால் விபத்தை ஆய்வு என்று ஏற்க முடியாது. வேண்டுமென்றே, ஒழுங்காக, மறுபடி செய்து காட்டினால் ஏற்கலாம் என்றார். முப்பது நாள். பதினைந்து பேசும் நாள், பதினைந்து பேசா நாள். எது எந்த நாள் என்பதை விதுர்ஷா சீட்டு எடுத்துத் தீர்மானிக்க வேண்டும். பேசும் நாளில் எல்லாருக்கும் ஒரே வசனம், அதற்கு மேல் ஓர் எழுத்துக் கூடாது. பேசா நாளில் வாசலில் யாருமே வாய் திறக்கக் கூடாது.

"உங்கட நாக்கால ஆகட்டும், கடையில உள்ள வேற யார்ட நாக்கால ஆகட்டும், ஒரு பேசா நாள் கெட்டாலும் நான் கையெழுத்து வைக்க மாட்டேன்," என்றார். "அதுக்குப் பிறகு எங்கிட்ட வந்து பேரம் பேச வேணாம்."

இனிக் கடைக்காரரின் சம்மதம் வேண்டும். திங்கள் காலை முதலாளியிடம் போய் நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே பில் புத்தகத்தை மூடினார். முகத்தில் ஆச்சரியத்தின் சாயலே இல்லை. அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. தோட்டங்களில் சம்பள அட்வான்ஸ் கொடுக்கிற நாள்களில், விதுர்ஷாவின் முறை என்றாலும், ஏதாவது காரணம் சொல்லி மாற்றிவிட்டு என்னையே அவர் ஸ்டூலில் இருக்கச் சொல்லியிருக்கிறார். மூன்று தடவை.

"உங்களுக்குத் தெரியும்," என்றேன்.

"ரெண்டாம் நாளே தெரியும். பத்து மணிக்கெல்லாம் உங்க குரல் மாடிக்குக் கேக்கும். உங்கப்பன் குரலேதான்."

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். இனாமாக வருகிற மழையைக் குடை பிடித்து யாராவது தடுப்பார்களா என்று திருப்பிக் கேட்டார். பிறகுதான் விஷயத்தைச் சொன்னார். இருபத்திரண்டு வருடம் அந்த வாசலில் நின்று, திரும்பிப் போகிறவர்களைக் கூப்பிட்டது பலீல் நானா. கொழும்பில் எந்தக் கடையிலும் இப்படித் தெருவில் நின்று கூவுவதில்லை என்று மகன் சொல்லி, ஏப்ரலில் அவரைக் களஞ்சியத்துக்கு மாற்றிவிட்டார்கள். வியாபாரம் ஏன் விழுந்தது என்று முதலாளிக்கு அன்றைக்கே தெரியும். மகனுக்கு அப்பாவின் வார்த்தை போதாது; அட்டவணை வேண்டும். எங்களிடம் முதலிலேயே சொல்லியிருந்தால், நாங்கள் அவர் சொன்னதைத்தான் எழுதினோம் என்று மகன் சொல்லுவார். அதனால் வாயைத் திறக்கவில்லை.

அப்படியானால் இந்த முப்பது நாளும் அவருக்கே நல்லது என்றேன். நல்லதுதான், ஆனால் பேசா நாள் பதினைந்து அதிகம், எட்டு வைத்துக்கொள்வோம் என்றார். நளீரா மிஸ் பதினைந்தில் ஒன்று குறைத்தாலும் ஏற்கமாட்டார் என்றேன். சரி, பத்து, தீபாவளிக்கு முந்தின சனிக்கிழமை மட்டும் பேசும் நாள் என்றார். சீட்டு என்ன சொல்கிறதோ அதுதான் என்றேன். அப்படியானால் முடியாது, எழுந்து போகலாம் என்றார்.

நான் எழுந்தேன்.

"நல்லதுங்க. எங்கப்பா கடையும் அதே வீதியிலதான் இருக்கு. படிக்கட்டும் மூணுதான். மிஸ்கிட்டக் கேட்டு அங்க செஞ்சிக்கிறேன். அங்க கூப்பிடுறத நிறுத்திப் பாத்தாலும் இதே விடைதான் வரும். முடிவு மட்டும் எங்கப்பா கையில இருக்கும்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துணிக்கடைக்காரர் கண்ணாடியைத் துடைக்கிறார் என்றால் விலை இறங்கப்போகிறது. பதினைந்துக்கும் சம்மதித்தார், சீட்டுக்கும் சம்மதித்தார். பதிலுக்கு அறிக்கையின் முதல் பிரதி அவருக்கு. என் அப்பாவின் கண்ணில் அது தைப்பொங்கல் கழிந்த பிறகுதான் படவேண்டும். அதுவரை பல்கலைக்கழகத்திலும் யாருக்கும் காட்டக் கூடாது என்று மிஸ்ஸிடம் எழுதியும் வாங்கிக்கொண்டார்.

பேசும் நாளின் வசனத்தை மிஸ், விதுர்ஷா, நான் மூவரும் சேர்ந்து செதுக்கினோம்: "போயிட்டு வாங்க, பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்கு." விதுர்ஷா அதைச் சொல்லும்போது தபால் நிலையத்தில் முத்திரை கேட்கிற மாதிரி இருக்கும். ஆனாலும் ஆள்கள் திரும்பி வந்தார்கள். அது எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். என் குரலுக்குத்தான் வந்தார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பேசா நாள்கள்தான் பாடு. முதல் வாரம் நாக்கைக் கடித்துக்கொண்டு இருந்தேன். பிறகு இஞ்சி டொஃபி வாங்கி வைத்துக்கொண்டேன். முதுகு தெரியும்போதெல்லாம் ஒன்று. இருபத்தொன்பது நாள் அப்படிக் கழிந்தது. ஒரு நாளும் கெடவில்லை. கடைசி நாள் தீபாவளிக்கு முந்தின சனிக்கிழமை, முறை என்னுடையது. மிஞ்சியிருந்த சீட்டைப் பிரித்துப் பார்க்கத் தேவையே இல்லை. பேசும் நாள் பதினைந்தும் முடிந்திருந்தன. விதுர்ஷா தொலைபேசியில் சொன்னபோது முதல் தடவையாக அந்த இடத்திலேயே சிரித்தாள்.

அன்றைக்குப் பஜார் வீதியில் கால் வைக்க இடமில்லை. நமுனுகுலை, லுணுகலை, பசறைப் பக்கத்து பஸ்ஸெல்லாம் தோட்டத்துச் சனத்தைக் கொண்டுவந்து கொட்டின. ஒருவருக்குச் சேலை, மூவருக்குச் சட்டை, மாமியாருக்குச் சால்வை என்று ஒவ்வொருவர் கையிலும் பட்டியல். உள்ளே வருவார்கள், விரிப்பார்கள், கேட்பார்கள், பேரம் ஓரிடத்தில் முட்டும். படியில் இறங்கி நின்று என்னைப் பார்ப்பார்கள். நான் படிவத்தைப் பார்ப்பேன். தெருவைக் கடந்தால் எதிர்வாசலில் அப்பாவே நின்று, வாங்க தங்கச்சி, வாங்க மாமா என்று அள்ளிக்கொண்டிருந்தார். பதினொரு மணிபோல அவர் என்னைப் பார்த்துக் கையை உயர்த்தினார். நான் வேண்டுமென்றே அவர் பக்கம் ஆள் அனுப்புகிறேன் என்று நினைத்துவிட்டார். பெற்ற பிள்ளை கடைசியில் கடைக்கு உதவுகிறான் என்ற பெருமை முகத்தில் தெரிந்தது. முதலாளி அதை மாடி ஜன்னலில் இருந்து பார்த்தார்.

மத்தியானத்துக்குப் பிறகு அவர் கீழே இறங்கி வந்துவிட்டார். எனக்குப் பின்னால் நின்றார். ஒவ்வொரு முதுகுக்கும் அவருடைய மூச்சு மட்டும் கேட்டது.

நாலு மணிக்கு மேல் வீரய்யா கங்காணி வந்தார். பசறைப் பக்கத்துத் தோட்டம். பெண் கொடுத்தது, எடுத்தது எல்லாருக்குமாகப் பத்துப் பதினைந்து பேருக்கு ஒரே இடத்தில் எடுக்கிறவர். இருபது வருடமாக இந்தக் கடைதான். முக்கால் மணி நேரம் பேசினார்கள். சட்டைத்துணிக் கட்டு ஒன்றில் பேரம் முட்டியது. விற்பனைப் பையன் புதியவன், பிடித்த பிடியை விடவில்லை. கங்காணி எழுந்தார். மகளையும் மருமகனையும் முன்னால் போகவிட்டு, தான் மட்டும் கடைசிப் படியில் நின்று சால்வையை எடுத்து உதறி, மறுபடி தோளில் போட்டார். மறுபடி எடுத்தார். வாங்க மனமில்லாதவன் சால்வையை இரண்டு தடவை உதறமாட்டான். அது எனக்குத் தெரியும். எனக்குப் பின்னால் நின்றவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

"கங்..." என்று தொண்டைக்குள் ஒரு சத்தம் எழும்புவது கேட்டது.

யோசிக்க நேரமில்லை. அந்தச் சொல் வெளியே வந்தால் கெடப்போவது ஒரு மாலைப்பொழுது மட்டுமல்ல. முப்பது நாள், விதுர்ஷாவின் ஆண்டு, என் ஆண்டு. ஸ்டூலில் இருந்து எழுந்து திரும்பினேன். முதலாளிக்கும் வாசலுக்கும் நடுவே நின்றேன். பஜார் வீதியில் முப்பது வருடமாக எவரும் வாயை மூடச் சொல்லாத மனிதரின் முகத்துக்கு நேரே, என் விரலை என் உதட்டில் வைத்தேன்.

அவர் என்னை அறைவார் என்றுதான் நினைத்தேன். வாய் பாதி திறந்தபடியே இருந்தது. நான் விரலை எடுக்கவில்லை. என் வாயில் இருந்த இஞ்சி டொஃபி கரைந்து தொண்டையில் இறங்கியது. பிறகு அவர் மெல்ல, மிக மெல்ல, உதடுகளை ஒன்றோடொன்று சேர்த்தார். மேல்துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார். திரும்பிப் பார்த்தேன். கங்காணியின் இரண்டு காலும் நடைபாதையில் இருந்தன. சால்வை தோளில் இருந்தது. ஒரு கணம் கடையின் பெயர்ப்பலகையை அண்ணாந்து பார்த்தார். பிறகு தெருவைக் கடந்தார்.

பத்து நிமிடம் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம், நானும் முதலாளியும். பிறகு குறித்தேன்: 4.52, ஆண், அறுபதுக்கு மேல், குடும்பத்தோடு, வெளியேற்றம்.

அவர் ஒரே ஒரு வார்த்தை பேசினார், அதுவும் கங்காணி எதிர்க்கடைக்குள் மறைந்த பிறகு. "எழுதிட்டீங்களா?" என்றார். எழுதிவிட்டேன் என்றேன். மாடிக்கு ஏறிப் போனார்.

படிவத்தின் ஓரத்தில் "குறிப்பு" என்று ஒரு சிறு பெட்டி இருக்கும். அதை வெறுமையாக விட்டிருக்கலாம். யாரும் கேட்டிருக்கமாட்டார்கள், முதலாளி சொல்லமாட்டார், நானும் சொல்லமாட்டேன். ஆனால் பன்னிரண்டு வாரம் நான் பேசியதே எனக்குத் தெரியாமல் போன பிறகு, தெரிந்ததையாவது எழுதிவிடுவோம் என்று தோன்றியது. எழுதினேன்: "கவனிப்பவர் ஸ்டூலில் இருந்து எழுந்தார். சைகை செய்தார். எவரும் பேசவில்லை."

தீபாவளி கழிந்த புதன்கிழமை நளீரா மிஸ் முப்பது நாள் படிவங்களையும் ஒவ்வொன்றாகப் புரட்டினார். பேசும் நாள்களில் நூற்றுக்கு இருபத்தாறு வெளியேற்றம். பேசா நாள்களில் நாற்பத்துமூன்று. விதுர்ஷா அட்டவணையை நேரம் முதற்கொண்டு அச்சடித்து வைத்திருந்தாள். மிஸ் கடைசிப் படிவத்தில் வந்து நின்றார். குறிப்பை இரண்டு தடவை வாசித்தார். என்ன சைகை என்று கேட்டார். செய்து காட்டினேன். யாருக்கு என்று கேட்டார். சொன்னேன்.

விதுர்ஷா என் முகத்தைப் பார்க்கவேயில்லை. படிவத்தை அவர் எந்தப் பக்கம் வைப்பார் என்று மேசையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்த வாடிக்கையாளருக்கு உங்கட கை விளங்கினதா?"

"இல்ல மிஸ். அவருக்கு என் முதுகுதான் தெரிஞ்சது."

"கடைக்காரர் சத்தம்?"

"தொண்டைக்குள்ள நின்னுடுச்சி. வெளிய வரல்ல."

அவர் பேனாவை மேசையில் ஒருதரம் தட்டினார். அந்த நாள் இல்லாவிட்டாலும் வித்தியாசம் நிற்குமா என்று விதுர்ஷாவிடம் கேட்டார். அவள் அதையும் ஏற்கெனவே கணக்கிட்டு வைத்திருந்தாள். அடுத்த தாளை நீட்டினாள், நின்றது. மிஸ் அந்தத் தாளையும் சேர்த்துத் தைத்தார். முதல் பக்கத்தில் கையெழுத்து வைத்து, திகதி போட்டு, என்னிடம் தந்தார்.

"இறுதியாண்டுக்கு வாங்க," என்றார்.

வெளியே வந்து கையெழுத்தை இரண்டு பேரும் வெயிலில் பிடித்துப் பார்த்தோம். விதுர்ஷா தொலைபேசியில் பூனாகலைக்குச் செய்தி சொன்னாள். நான் முதல் பிரதியை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். பஜார் வீதியில் இறங்கியதும் அப்பா வாசலில் இருந்து கை காட்டினார். இந்தத் தீபாவளி முப்பது வருடத்தில் இல்லாத வியாபாரமாம். அது ஏன் என்று தைப்பொங்கல் கழியும்வரை அவரிடம் சொல்ல முடியாது. தலையை மட்டும் ஆட்டிவிட்டுத் தெருவைக் கடந்து முதலாளியின் படியேறினேன்.